நானூற்றுப் பதினேழாம் கார்டு

ஜூன் 9, 2025, திங்கள்

மில் மெஷின் மறுபடியும் காசை விழுங்கிவிட்டது. ஐந்து ரூபாய் நாணயத்தில் குண்டு ஒன்று, ஒல்லி ஒன்று. ஒல்லியைப் போட்டால் பாதி வழியில் படுத்துக்கொள்கிறது. கொண்டை ஊசியை விட்டு நோண்டினேன். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளிடம், "பிரசவம் பாக்குறேன், செத்த பொறுங்கடி" என்றேன். மூன்று நாணயம் வந்தது. கூடவே ஒரு சட்டைப் பட்டன். பட்டனைப் போட்டு நாப்கின் எடுக்கப் பார்த்தவள் யாரென்று தெரிந்தால் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன்.

என் கையில் மொத்தம் பதினாலு நாப்கின் மெஷின். பள்ளிக்கூடம் ஆறு, காலேஜ் மூன்று, ஆஸ்பத்திரி இரண்டு, வாடிப்பட்டி ரோட்டு ஸ்பின்னிங் மில்லில் மூன்று. நிரப்ப வேண்டும், காசை எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும். ஒன்பது வருஷமாக இதுதான். முதலாளி உமேஷ் தம்பிக்கு விளாங்குடியில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இந்த டைரியும் அவர் கொடுத்தது. எந்த மெஷினில் எத்தனை போட்டேன் என்று முன்பக்கம் எழுதுகிறேன். பின்பக்கம் எனக்கு. ஐந்தாவது படித்தவளுக்கு ஒரு டைரியில் பாதி போதாதா.

சாயங்காலம் உமேஷ் தம்பி ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். உள்ளங்கை அளவு. மெஷினில் மாட்டிவிட்டால் காசே வேண்டாமாம். கார்டைக் காட்டினால் போதுமாம். கேஷ்லெஸ் என்றார்.

"தம்பி, டவுன் பஸ்ஸுல நான் நாலு வருஷமா கேஷ்லெஸ்தான்" என்றேன்.

சிரித்தார். மில்காரர்களுக்கு இன்னும் நாலு மில் இருக்கிறதாம். இங்கே மூன்று மாதம் போட்டுப் பார்ப்பார்களாம். நன்றாக ஓடினால் ஐந்து மில்லும் நமக்கு. எனக்குக் கீழே இரண்டு பேர். அப்புறம் நான் யாரை வேண்டுமானாலும் அதட்டலாம். இப்போது மட்டும் என்ன செய்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முட்டி வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

மில்லில் மூன்று மெஷினிலும் கார்டு ரீடர் மாட்டியாகிவிட்டது. காசு போடுகிற ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் கழுத்தில் தொங்குகிற மில் கார்டையே காட்ட வேண்டும். கீ என்று ஒரு சத்தம், பேடு கீழே விழும். காசு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

யாரும் முன்னால் வரவில்லை. என் மருமகள் பவதாரிணியைத்தான் கூப்பிட்டேன். அதே மில்லில்தான் அவள் நூல் சுற்றுகிற செக்‌ஷனில் இருக்கிறாள். "பவா, வாடி, நீதான் ரிப்பன் வெட்டணும்." முகம் சிவந்து வந்தாள், கார்டைக் காட்டினாள். கீ. எல்லோரும் கை தட்டினார்கள்.

தமிழ்வாணி என்று ஒரு பிள்ளை, நறுக்கென்று பேசுவாள். அவள் கேட்டாள், "யக்கா, இது யாருக்காச்சும் தெரியுமா?"

"மெஷினுக்குக் கண்ணுதான் இருக்கு, வாய் இல்லடி" என்றேன்.

நல்ல பதில் என்று எனக்கே பட்டது. பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை நினைத்துச் சிரித்தேன்.

ஜூலை 2, புதன்

உமேஷ் தம்பி என் போனுக்கு ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கிறார். எந்த மெஷினில் எவ்வளவு போயிருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, நிரப்பப் போகலாமாம். இதே லிஸ்ட்தான் மில் ஆபீசுக்கும் போகிறதாம், சம்பளத்தில் பிடிக்க. தேதி, மணி, கார்டு நம்பர். பதின்மூன்று நாளைக்கே நாலு பக்கம்.

பவாவின் நம்பர் எனக்குத் தெரியும். 417. கார்டுக்குக் கயிறு கோத்துக் கொடுத்ததே நான்தான். ரேஷன் கடைப் பலகையில் நம் நம்பரைத் தேடுகிற மாதிரி கண் தானாகத் தேடியது. இருந்தது. நான் கூப்பிட்டு எடுத்த அன்றைக்கு ஒன்று. அப்புறம் இருபத்தி ஏழாம் தேதி இரண்டு, இருபத்தி எட்டாம் தேதி ஒன்று.

போனை மூடி வைத்தேன். என்னவோ போல இருந்தது. ஆனாலும் தெரிந்துகொண்டேன் அல்லவா.

ஜூலை 20, ஞாயிறு

சித்தார்த்துக்கும் பவாவுக்கும் கல்யாணம் ஆகி நாலு வருஷம். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், நடுவில் ஒரு சுவர். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, மருமகளுக்கு ஏதும் விசேஷம் உண்டா" என்கிறார்கள். "உண்டு, வர்ற வாரம் எனக்கே காது குத்தப்போறாங்க" என்று விரட்டிவிடுவேன்.

நான் அவளிடம் ஒரு நாள் கேட்டதில்லை. எனக்குச் சித்தார்த் பிறக்க ஆறு வருஷம் ஆனது. என் மாமியார் மாதாமாதம் கேட்பாள். கேட்பாள் என்றா சொன்னேன், கொடியில் தீட்டுத் துணி காய்கிறதா என்று வந்து பார்ப்பாள். காய்ந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவளுக்கும் சரி, எனக்கும் சரி. அப்போதே முடிவு செய்தேன், என் வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் இந்தக் கேள்வி கேட்பதில்லை என்று.

கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இருபத்தி ஏழாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம். ஏன் எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஜூலை லிஸ்ட் வந்தது. முழு மாதத்துக்கும் ஒரே பக்கம்தான். சின்னதாக இருந்ததால் சீக்கிரம் தேடி முடித்தேன். 417 இல்லை. மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே பார்த்தேன். 411 இருக்கிறது, 420 இருக்கிறது. 417 இல்லை.

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கண்ணுச்சாமி ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரே அடுக்குப் பாத்திரத்தை மூன்று தடவை விளக்கினேன்.

பவா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். பிடுங்கிக்கொண்டேன். சித்தார்த் வாங்கி வந்த பப்பாளியில் ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாள், அதையும் பிடுங்கி நானே தின்றேன். மீதி முழுவதையும் நானே. எனக்குப் பப்பாளி ஆகாது.

"என்ன அத்தே, என் மேல இம்புட்டுப் பாசம்" என்றாள்.

"பாசமில்ல, பசி" என்றேன்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அவளாகச் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உமேஷ் தம்பி கூப்பிட்டார். மில் மெஷினில் சரக்கே போகவில்லையாம். ரீடர் கெட்டுவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தேன், கீ என்று நன்றாகத்தான் கத்துகிறது. பிள்ளைகளுக்குப் பழக்கம் வரவில்லை தம்பி, வந்துவிடும் என்றேன். என் மனசு அதில் இல்லை. முதலாளிக்கு மெஷின் கவலை. எனக்கு செப்டம்பர் ஒன்றாம் தேதி எப்போது வரும் என்று.

நான் போகும்போது முன்பெல்லாம் பிள்ளைகள் சில்லறைக்காகச் சுற்றி நிற்பார்கள். எல்லாக் கதையும் அங்கேதான் கேட்கலாம். இப்போது சில்லறை வேண்டாம், என்னையும் வேண்டாம். ஒருத்தியைக் கிண்டல் செய்தேன், சிரிக்காமல் போய்விட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

இல்லை. இந்த மாதமும் 417 இல்லை. லிஸ்ட்டே அரைப் பக்கம்தான். பத்து தடவை பார்த்துவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். கண்ணுச்சாமி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். "அவ சொன்னாளா?" என்று கேட்டார். அவள் எப்படிச் சொல்வாள், வெட்கப்படுவாள், மூன்று மாதம் கழியட்டும் என்று இருப்பாள் என்றேன். "அப்ப நீயும் இரு" என்றார்.

இந்த மனுஷனிடம் எதையாவது சொல்லி நான் சந்தோஷப்பட்டிருக்கிறேனா.

செப்டம்பர் 3, புதன்

இருக்க முடியவில்லை. பவாவின் அம்மா ராமக்காளுக்குப் போன் போட்டுவிட்டேன். திருநகரில் இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். "சம்பந்தி, ரெண்டு மாசம் ஆகுது போல" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னேன். அவளும் என்னைப் போலத்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ராமக்காள், அவள் நாத்தனார், இன்னும் இரண்டு பெண்கள். ஒரு தூக்கு நிறையக் குழிப்பணியாரம், பூ, பழம், கண்ணாடி வளையல், ஒரு சேலை. ஆட்டோவைப் பார்த்ததும் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. நான்தான் முன்னால் நின்று வாங்க வாங்க என்கிறேன். பல் முப்பத்திரண்டும் வெளியே.

பவா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். ராமக்காள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, தலையில் பூவை வைத்து, இனிமேல் பைக்கில் பின்னால் உட்காராதே என்றாள்.

பவாவுக்குப் புரியவில்லை. அப்புறம் வளையலைப் பார்த்தாள். புரிந்தது.

"யாரும்மா சொன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். "எம்புட்டு நாளுதான்டி ஒளிச்சு வைப்ப" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு இன்னைக்கு மூணாம் நாளு."

எதிர்வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அந்த அளவுக்காவது இங்கிதம் இருந்தது. சித்தார்த் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ராமக்காள் வளையலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எத வச்சு அத்தே கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. போனைத் திறந்து லிஸ்ட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆபீசுல பாக்குறாங்கன்னுதான் நான் அதத் தொடுறதில்ல. வீட்டுலயும் பாக்குறீங்களா."

அந்தப் பூவை எடுத்துத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய்ப் பையோடு வந்தாள். வந்த ஆட்டோவிலேயே அம்மாவோடு போய்விட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

பணியாரம் அப்படியே இருக்கிறது. மாட்டுக்கு வைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சித்தார்த் பேசிவிட்டான். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ரெண்டு மாசமா நாந்தான் மெடிக்கல்ல வாங்கியாந்து குடுக்குறேன். என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. உனக்கு எதுக்கும்மா அந்த நம்பரு?"

கேட்கக் கூடாது என்று இருந்தேன்டா. கேட்கக் கூடாது என்றுதான்... இதைச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. சிரிப்பு மாதிரி இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மில்லுக்குப் போனேன். பவா அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு மில் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் வேறு வாசல் வழியாகப் போனாள்.

தமிழ்வாணியைப் பிடித்துக் கேட்டேன். ஆபீசில் பார்க்கிறார்கள் என்றாளே, யார் பார்க்கிறார்கள், எதற்கு. அவள் என்னை நம்பலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் சொன்னாள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு பிள்ளை வயிற்று வலி என்று அரை நாள் லீவு கேட்டிருக்கிறாள். ஆபீஸ் ஆள் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் கார்டுல இன்னும் விழலையே, அதுக்குள்ள என்ன வலி" என்று எல்லோர் முன்னாலும் கேட்டானாம். மறுநாளே ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து வெளியே யார் போனாலும் எல்லோருக்குமாக வாங்கி வருகிறார்கள். வாங்க ஆள் இல்லாதவர்கள் துணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

துணிக்கு. நான் ஒன்பது வருஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததெல்லாம் துணி வேண்டாம் என்பதற்காகத்தானே.

நான் லிஸ்ட்டைப் பார்த்துப் போட்ட கணக்கையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"முந்நூறு பேரு நம்பரும்தான யக்கா காணோம். அப்ப மில்லே மாசமா இருக்குன்னு நெனச்சீங்களா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு நானே அவளுக்குக் கை கொடுத்திருப்பேன். நாலு பக்கம் ஒரு பக்கமாகி, அரைப் பக்கமாகி, என் கண் முன்னால் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நான் ஒரே ஒரு நம்பரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெஷினுக்கு வாய் இல்லை என்று இவளிடம் சொன்னவள் நான். வாயாக இருந்தவளும் நான்.

செப்டம்பர் 15, திங்கள்

உமேஷ் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் வீட்டுக் கதையைத் தவிர. ஆபீஸ் ஆள் செய்தது தப்புதான் என்றார். மில்லில் பேசுகிறேன் என்றார். ஆனால் லிஸ்ட் இல்லாமல் முடியாதாம். "யாரு எடுத்தான்னு தெரியாம காச யாருகிட்டக்கா பிடிக்கிறது?"

நியாயமாகத்தான் இருந்தது. பதில் தெரியாமல் திரும்பி வந்தேன். பஸ்ஸில் பாதி வழியில் பதில் வந்தது. இறங்கவும் முடியாது.

செப்டம்பர் 26, வெள்ளி

போனை எடுத்தால் கை அந்த லிஸ்ட்டுக்கே போகிறது. அழித்துவிட்டேன். அழித்த பிறகும் நம்பர் தெரிகிறது. அதை எப்படி அழிப்பது.

அவர் சாப்பிடும்போது, "ரெண்டு நாளா நீ யாரையும் வம்புக்கு இழுக்கல, ஒடம்பு சரியில்லையா" என்று கேட்டார்.

அக்டோபர் 8, புதன்

இன்று பவாவால் தப்பிக்க முடியவில்லை. நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கைகழுவ வந்தாள், நான் வாசலை மறைத்து நின்றேன். ஒரு மாதமாக மனசில் எழுதி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"தப்பு எம்மேலதான்த்தா" என்றேன்.

அவள் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நாலு வருஷமா நீங்க ஒரு வார்த்த கேட்டதில்ல. எங்க அக்காமாருகிட்டல்லாம் சொல்லிப் பெருமப்படுவேன், எங்கத்த கேக்கவே மாட்டாங்கன்னு." குழாயை இறுக்கி மூடினாள். "இப்பத் தப்புன்னு சொல்லிட்டா, லிஸ்ட்டு போயிருமா அத்தே?"

வழி விட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

விளாங்குடி போனேன். இந்தத் தடவை வீட்டுக் கதையையும் சொன்னேன். பணியாரம் உட்பட. உமேஷ் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மில்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் சொன்னார்.

பஸ்ஸில் வந்த பதிலைச் சொன்னேன். "டவுன் பஸ்ஸுல எனக்கு டிக்கெட்டு குடுக்குறப்ப பேரு கேக்குறாங்களா தம்பி? எங்கிட்டு போற, எதுக்கு போறன்னு எழுதி வீட்டுக்கு அனுப்புறாங்களா? கார்டு இருக்கட்டும். அதுல பேரு எதுக்கு? கேண்டீன்ல பத்து ரூவா குடுத்தா ஒரு கார்டு குடுக்கட்டும், யாரு வேணாலும் எந்தக் கார்டு வேணாலும் எடுக்கட்டும்."

அப்படியும் ரீடரில் செய்யலாம், ஆனால் மில்லுக்கு அது பிடிக்காது, அந்த நாலு மில்லும் கைவிட்டுப் போகும் என்றார்.

இருந்தாலும் சொல்லிவிட்டேன். "இன்னும் நாலு மில்லுக்குப் போயி, யாருக்கும் தெரியாது எடுங்கடின்னு என்னால சொல்ல முடியாது. சொல்றதுக்கு வேற ஆளப் பாருங்க தம்பி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அப்போது உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ரம்யாஸ்ரீ வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறது. அவர்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில் இரண்டே வரி சொன்னது. எனக்கு அந்த பாஷை தெரியாது. அந்தக் குரல் தெரியும். நானும் முப்பது வருஷமாகக் கண்ணுச்சாமியிடம் அதே குரலில்தான் பேசுகிறேன்.

உமேஷ் தம்பி எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். அப்புறம், "பாப்போம்க்கா" என்றார்.

ரம்யாஸ்ரீ எனக்குக் காபி கொடுத்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சித்தார்த் திருநகருக்குப் போய்விட்டான், பவாவும் அங்கே. நாங்கள் இரண்டு பேர்தான். பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கவே இல்லை.

அக்டோபர் 29, புதன்

மில்லில் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் பெயரில்லாத கார்டு போடச் சம்மதித்துவிட்டார்கள். சரக்கு போகாமல் கிடப்பதை விட இது மேல் என்று விட்டிருப்பார்கள். மற்ற நாலு மில்லும் வேறு கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் லிஸ்ட் கொடுப்பார்களாம்.

உமேஷ் தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வேலை இருக்கிறது. எனக்குக் கீழே வருகிற இரண்டு பேர் வரவில்லை. அந்த நாலு மில் பிள்ளைகளை நினைத்தால் என்னவோ செய்கிறது. எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

என் போனுக்கு இனி மிச்சம் எத்தனை என்று மட்டும் வரும். யார் எடுத்தார்கள் என்று வராது. மெஷினுக்கே தெரியாது.

நவம்பர் 5, புதன்

பச்சை நிறத்தில் முந்நூறு கார்டு வந்தது. கேண்டீன் மேஜையில் அடுக்கி வைத்தேன். பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கிறார்கள். ஒருத்தியும் தொடவில்லை.

தமிழ்வாணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்னால் பொடி எழுத்தில் நம்பர். "இதுலயும் நம்பரு இருக்கே யக்கா" என்றாள். அது கம்பெனி நம்பர், யார் பெயரோடும் சேராது என்று சொன்னேன். சொன்னது நான் அல்லவா, யார் நம்புவார்கள்.

என்ன செய்வது என்று நின்றேன். கேண்டீன்காரரிடம் சாம்பார் அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முந்நூறு கார்டையும் அதில் கொட்டினேன். கரண்டியைப் போட்டுக் கலக்கினேன். "பத்து ரூவாயக் கல்லாவுல போட்டுட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடு. வேல முடிஞ்சதும் திரும்ப இதுலயே போடு. நாளைக்கு வேற எடு. எது யாருதுன்னு கண்டுபுடிக்கிறவனுக்கு என் வீட்டு மாட்டக் குடுக்குறேன்" என்றேன்.

முதலில் தமிழ்வாணி கையை விட்டாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் தள்ளுமுள்ளு. ஒரு பிள்ளை கார்டை மோந்து பார்த்து, சாம்பார் வாசம் வருகிறது என்றாள்.

பவா வரவில்லை. தூரத்தில் தூண் பக்கம் நின்றிருந்தாள். நின்றிருந்தாள், அது எனக்குத் தெரியும்.

நவம்பர் 12, புதன்

மூன்று மெஷினும் காலி. காலி. நூற்றைம்பது போட்டது ஒரு வாரத்தில் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது இன்னும் பழகவில்லை, பல் விழுந்த இடத்தில் நாக்குப் போகிற மாதிரி போய்ப் போய் வருகிறது.

நவம்பர் 20, வியாழன்

மத்தியானம் மில்லில் இரண்டாவது மெஷினை நிரப்பிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் வந்து நின்றார்கள். திரும்பவில்லை. இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

"தள்ளுங்க அத்தே" என்றது.

தள்ளினேன். பவா ஒரு பச்சைக் கார்டைக் காட்டினாள். கீ. குனிந்து எடுத்துக்கொண்டாள். மறைக்கவில்லை, என் முகத்தை நேராகப் பார்த்தபடிதான் நின்றாள். நான் சாவியைப் பார்த்தேன், பூட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

"நாலரைக்கு ஷிப்டு முடியுது. எனக்கும் சேத்து எடம் போட்டு வைங்க. நம்ம ஊரு பஸ்ஸுலதான் வாரேன். ஹாஸ்டல் சோறு வாயில வைக்க முடியல."

பையோடு வந்தாள். இடம் போட முடியவில்லை, அவ்வளவு கூட்டம். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் தெரிந்தவர், எப்போதும் என்னிடம் வம்பு வாங்குகிறவர், "என்னக்கா இன்னைக்கு மௌன விரதமா" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் திறக்கவில்லை. வழியெல்லாம் நெல் பச்சையாக ஓடியது, அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அலங்காநல்லூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள்தான் முழங்கையால் இடித்தாள்.

"என்ன அத்தே, வாயில கொழுக்கட்டையா?"

நான் ஒன்று சொன்னேன். அவள் கம்பியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.